ஜப்பானில் குடியிருந்துகொண்டு படம் எடுப்பது எப்படி இருக்கும்?

வேலை மாற்றலாகி யோகோஹாமா பக்கம் வரப்போகிறீர்கள், கையில் ஒரு மிரர்லெஸ் கேமராவும் இரண்டு லென்ஸும் இருக்கின்றன, படம் எடுப்பது உங்களுக்குப் பொழுதுபோக்குதான். அங்கே அன்றாடம் எப்படி இருக்கும், எதைக் கொண்டுவருவது, தெருவில் மனிதர்களை எடுக்கலாமா, எங்கே போய் எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கவாசாகியில், தமா ஆற்றுக்கு நடந்துபோகும் தூரத்தில் பல வருஷமாகக் குடியிருக்கிறேன். அலுவலக வேலைதான், கேமரா எல்லாம் அதிகாலையிலும் சனி ஞாயிறிலும். அதனால் நான் சொல்வது முழுக்கத் தோக்கியோவைச் சுற்றிய காந்தோ சமவெளியின் அனுபவம். ஹொக்கைடோவிலோ ஒகினாவாவிலோ இருப்பவர் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. சுற்றுலா வருபவரைவிட உங்களுக்கு அதிகமாகக் கிடைக்கப்போவது காலம். அவர் பார்க்கும் கோயிலையும் மலையையும்தான் நீங்களும் பார்ப்பீர்கள். ஆனால் அவர் போன அன்று ஃபூஜி மேகத்துக்குள் மறைந்துவிட்டால் அவருக்கு அவ்வளவுதான், நீங்கள் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். புயலுக்கு மறுநாள் காலை, பனி கொட்டிய இரவு, பூ உதிரும் இரண்டு மூன்று நாள், இதற்கெல்லாம் நீங்கள் எங்கேயும் போக வேண்டாம், உங்கள் வாசலுக்கே வந்துவிடும். தெருமுனை மீன்கடைக்காரர் உங்கள் முகத்தைப் பழகிக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும், அந்த மாதங்களும் உங்களிடம் இருக்கின்றன. வந்த முதல் வருஷமே பட்டியல் போட்டுக்கொண்டு கியோத்தோ, நாரா, ஹகோனே என்று ஓடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். நாலு வருஷம் கழித்து ஊர் திரும்பும்போது அவர்களிடம் எல்லோரிடமும் இருக்கும் படங்கள் இருக்கும். குடியிருந்த தெரு ஒன்றிலும் இருக்காது. எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரிகிறது.

சரி, வெளிச்சத்திலிருந்து தொடங்கலாம், நம் ஊர்க் கண்ணுக்கு முதலில் வித்தியாசமாகத் தெரிவது அதுதான். ஜப்பானில் கோடைக்காகக் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை, நாடும் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது, எனவே ஜூன் நடுவில் தோக்கியோவில் காலை 4:25-க்கே சூரியன் வந்துவிடும். டிசம்பர் தொடக்கத்தில் மாலை 4:28-க்கெல்லாம் மறைந்துவிடும். இதன் பொருள் என்னவென்றால், கோடையில் நீங்கள் அலுவலகம் போகும் முன்பே முழுதாக ஒரு படப்பிடிப்பை முடித்துவிடலாம், குளிர்காலத்தில் வேலை முடிந்து வெளியே வந்தால் இருட்டுதான். குளிர்கால வாரநாட்களில் எனக்கு மதியச் சாப்பாட்டு இடைவேளைதான் படம் எடுக்கும் நேரம், அது குறைவான நேரமும் இல்லை. டிசம்பர் கடைசியில் நடுப்பகலில்கூட இங்கே சூரியன் 31 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது. சென்னையில் அதே நாளில் 53 டிகிரிக்கு மேல் நிற்கும். ஆகவே மதியம் பன்னிரண்டு மணிக்கும் நிழல்கள் நீளமாக, முகத்தில் பக்கவாட்டு ஒளி விழும்படி இருக்கும். உச்சி வெயிலில் கேமராவை எடுக்காதே என்று நம் ஊரில் கற்றுக்கொண்ட பாடத்தை நவம்பர் முதல் பிப்ரவரி வரை மறந்துவிடுங்கள்.

குளிர்காலத்தின் இன்னொரு கொடை காற்று. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை ஏற்றிக்கொண்டு, நடுவில் இருக்கும் மலைத்தொடரில் மோதி, நீகாதா பக்கம் பனியாகக் கொட்டிவிட்டு, நம் பக்கம் வறண்டு இறங்கும். கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டுத் தேனிப் பக்கம் வெறும் காற்றாக வரும் தென்மேற்குப் பருவக்காற்றை நினைத்துக்கொண்டால் போதும். அதனால் டிசம்பர், ஜனவரிக் காலைகளில் வானம் கண்ணாடி போல இருக்கும், தமா ஆற்றங்கரையில் நின்றாலே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஃபூஜி, 3,776 மீட்டர் உயரமும் வெள்ளையாகத் தெரியும். கோடையில் வாரக்கணக்கில் அந்தப் பக்கம் மலை இருப்பதே தெரியாது. சூரியன் சரியாக ஃபூஜியின் உச்சியில் இறங்கும் மாலையை இங்கே 'டைமண்ட் ஃபூஜி' என்கிறார்கள். அது எந்த இடத்திலிருந்து எந்தத் தேதியில் தெரியும் என்று கணக்குப் போட்டுவைத்திருப்பார்கள். தக்காவோ மலையிலிருந்து குளிர்காலக் கதிர்த்திருப்பத்தை ஒட்டிய நாட்களில், யாமானாகா ஏரியிலிருந்து அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரி கடைசி வரை கரையில் இடம் மாறி மாறி. தக்காவோவில் அந்த நாட்களில் கூட்டம் நெரியும். நான் ஆற்றங்கரையையே விரும்புகிறேன், அங்கே முன்னணியில் ரயில் பாலமும் சைக்கிளில் போகும் பள்ளிப் பிள்ளைகளின் நிழலுருவங்களும் கிடைக்கும். நீண்ட லென்ஸ் வேண்டும், 200 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மலை சிறு பல் மாதிரி போய்விடும்.

செர்ரிப் பூவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், ஆனால் வேலை நுணுக்கம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோக்கியோவில் பூப்பு தொடங்கிவிட்டதென்று வானிலை ஆய்வு மையம் அறிவிப்பது யாசுகுனி ஆலய வளாகத்தில் இருக்கும் ஒரு மாதிரி மரத்தைப் பார்த்துத்தான். அதில் ஐந்தாறு பூ விரிந்தால் தொடக்கம், எண்பது சதவீதம் விரிந்தால் முழுப்பூப்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு வாரம் அளவில் இருக்கும், இடையில் குளிர் வந்தால் நீளும், ஒரு பலத்த மழை வந்தால் எல்லாம் முடிந்தது. எங்கும் இருக்கும் சோமெய்-யோஷினோ என்ற செர்ரி வகையின் பூ, படத்தில் பார்க்கும் அளவுக்கு இளஞ்சிவப்பு இல்லை, கிட்டத்தட்ட வெள்ளை. மேகமூட்ட வானத்தின் முன்னால் அதைத் தானியங்கி எக்ஸ்போஷரில் எடுத்தால் அழுக்குச் சாம்பலாக வரும். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒன்றேகால் ஸ்டாப் வரை கூட்டி வையுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்). கூட்டத்துக்குப் பயந்தால் மெகுரோ ஆற்றை விட்டுவிட்டு, கவாசாகியின் வடபகுதியில் ஷுகுகவாரா பக்கம் ஓடும் நிகாரியோ கால்வாய்க்கு வாருங்கள், பதினேழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வயலுக்காக வெட்டி முடித்த பாசனக் கால்வாய் அது. பூ உதிர ஆரம்பித்ததும் தண்ணீர் முழுக்க இதழ் மிதந்து மெல்ல நகரும். நொடிக்கணக்கில் ஷட்டரைத் திறந்துவைத்தால் அந்த நகர்வு கோடுகளாக விழும், பகல் வெளிச்சத்தில் அதற்கு லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் தேவைப்படும்.

ஜூன் தொடக்கத்திலிருந்து ஜூலை நடுப்பகுதி தாண்டும் வரை மழைக்காலம். படத்துக்கு நல்ல காலம், லென்ஸுக்குக் கெட்ட காலம். கமாகுராவில் மெய்கெட்சுயினும் ஹாசேதேராவும் ஹைட்ரேஞ்சியாப் பூவுக்குப் பேர்போனவை, போவதானால் வாரநாளில் கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். ஆனால் இந்தப் பூ எல்லா வீட்டு வேலியோரத்திலும் ரயில் பாதை ஓரத்திலும் இருக்கிறது, அதற்காக எங்கேயும் போக வேண்டியதே இல்லை. லென்ஸ் விஷயம்தான் முக்கியம். இங்கே வீடுகள் சிறியவை, அலமாரிகளில் காற்றோட்டம் கிடையாது, மழைக்காலத்தில் உள்ளே ஈரப்பதம் எண்பது சதவீதத்தைத் தொடும். கண்ணாடிக்குள் பூஞ்சை பிடிக்க அது போதும். கேமராக் கடையில் மின்சார உலர்பெட்டி கிடைக்கும், நாற்பதிலிருந்து ஐம்பது சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளும். அதற்குப் பணம் இல்லையென்றால் இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சும் பொட்டலம், ஒரு சின்ன ஈரப்பதமானி, மூன்றும் சேர்த்து மலிவாக முடிந்துவிடும். தோல் உறையில் போட்டு அலமாரியில் வைப்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்.

கோடையில் வெயிலும் திருவிழாவும். ஜூலையில் கவாசாகி தாய்ஷி கோயிலில் காற்றுமணிச் சந்தை நடக்கும். நாட்டின் பல பகுதிகளிலிருந்து கண்ணாடி, இரும்பு, பீங்கான் மணிகளைக் கொண்டுவந்து தொங்கவிடுவார்கள், பின்னொளியில் எடுக்கக் கொள்ளை அழகு. வாணவேடிக்கைக்கு ஐ.எஸ்.ஓ. 100, அப்பர்ச்சர் 8-லிருந்து 11, ஷட்டரைக் கையால் திறந்து நாலைந்து நொடி, அவ்வளவுதான். காற்று எங்கிருந்து அடிக்கிறதோ அந்தப் பக்கம் நில்லுங்கள், இல்லாவிட்டால் பத்து நிமிஷத்தில் புகைதான் இருக்கும். தோக்கியோவில் பனி விழுவது அரிது. விழுந்தால் பெரும்பாலும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவே, தெற்குக் கடலோரமாக ஒரு காற்றழுத்தத் தாழ்வு கடக்கும்போது. முன்னறிவிப்பில் அதைக் கண்டால் முதல் நாள் இரவே பேட்டரியை ஏற்றிவையுங்கள், மறுநாள் மத்தியானத்துக்குள் எல்லாம் சேறாகிவிடும். திரும்பி வரும்போது கேமராவை வெளியிலேயே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, வீட்டுக்குள் அது சூடாகும் வரை திறக்காமல் வைத்தால் நீர் கோர்க்காது.

இனி மனிதர்கள். நீங்கள் கேட்டதிலேயே கனமான கேள்வி இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், பொது இடத்தில் ஒருவர் படத்தில் விழுந்துவிட்டதாலேயே அது குற்றம் ஆகிவிடாது. ஆனால் தன் முகத்தின் மேல் ஒருவருக்கு இருக்கும் உரிமையை இங்கே நீதிமன்றங்கள் மதிக்கின்றன. அது தனிச்சட்டமாக எங்கும் எழுதப்படவில்லை, தீர்ப்புகளால் வளர்ந்தது. கியோத்தோவில் மாணவர் ஊர்வலத்தைப் போலீஸ் படம் எடுத்தது பற்றிய வழக்கில் 1969-ல் உச்ச நீதிமன்றம், சம்மதமில்லாமல் தன் முகத்தையும் உருவத்தையும் கண்டபடி படம் எடுக்கவிடாத சுதந்திரம் ஒவ்வொருவருக்கும் உண்டு என்றது. 2005-ல் வந்த இன்னொரு தீர்ப்பு, எடுத்த இடம், நோக்கம், விதம், தேவை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, பொதுவாழ்க்கையில் ஒருவர் பொறுத்துக்கொள்ள வேண்டிய அளவைத் தாண்டியதா என்று எடைபோட வேண்டும் என்றது. 2023 ஜூலையில் உடலை ரகசியமாக ஆபாசமாகப் படம் எடுப்பதற்கென்றே தனிக் குற்றச் சட்டம் அமலுக்கு வந்தது. இந்தக் குற்றம் இங்கே உண்மையிலேயே ஒரு பெரிய பிரச்சினை, அதனால்தான் இங்கே விற்கும் பெரும்பாலான போன்களில் ஷட்டர் சத்தத்தை நிறுத்தவே முடியாது. அதைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. 2000-ல் கேமரா வைத்த போன் விற்பனைக்கு வந்த காலத்திலிருந்து தயாரிப்பாளர்கள் தாங்களாகவே கடைப்பிடிப்பது. ரயிலில், நகரும் படிக்கட்டில், பள்ளி வாசலில் கேமரா தூக்கிய ஆளை மக்கள் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு அவர்களிடம் நியாயமான காரணம் இருக்கிறது. ரயில் பெட்டிக்குள் படமே எடுக்காதீர்கள். கேமராவில் சத்தமில்லாத ஷட்டர் இருந்தாலும் மனிதர்கள் பக்கத்தில் அதை அணைத்துவையுங்கள் என்பது என் கருத்து; எடுக்கிறேன் என்று தெரியும்படி எடுப்பவரைப் பார்த்து யாரும் அவ்வளவாகப் பயப்படுவதில்லை.

அப்புறம், பதினாறு வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் குடியிருப்பு அட்டையை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். விடிகாலை மூன்று மணிக்கு ட்ரைபாடோடு ஆற்றங்கரையில் நிற்கும் ஆளைப் போலீஸ்காரர் விசாரிக்கத்தான் செய்வார். அட்டையைக் காட்டி, எடுத்த படத்தையும் காட்டினால், மரியாதையாகப் பேசிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒரு காலத்தில் இந்த நாட்டின் தெருப்படங்கள் வேறு மாதிரி இருந்தன. 1950-களில் தோமோன் கென் என்ற புகைப்படக்காரர் ஒரு பத்திரிகையில் அமெச்சூர் வாசகர்களின் படங்களை மாதாமாதம் தேர்ந்தெடுத்து விமர்சனம் எழுதினார். எதையும் ஜோடித்து எடுக்காதே, இருப்பதை இருக்கிறபடியே எடு என்பது அவர் விடாமல் சொன்னது. அவரே தோக்கியோவின் கோத்தோ பகுதிச் சந்துகளில் விளையாடும் பிள்ளைகளை எடுத்துத் தள்ளினார். அதே காலத்தில் இன்னொரு புகைப்படக்காரர் கிமுரா இஹெய், லைக்கா என்ற சின்ன ஜெர்மன் கேமராவை வைத்துக்கொண்டு அகிதாவின் விவசாயிகளிடம் திரும்பத் திரும்பப் போய் எடுத்தார். நாடு முழுக்க அமெச்சூர்கள் அவர்களைப் பார்த்துத் தெருவில் இறங்கினார்கள். அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும், ஆனால் இன்று முன்பின் தெரியாத பிள்ளையை நோக்கி நீங்கள் கேமராவைத் தூக்க முடியாது, தூக்கவும் கூடாது. பள்ளி விளையாட்டு விழாவிலேயே பெற்றோருக்கு எடுக்கும் இடம் குறித்துக் கொடுத்து, வரிசையாக உள்ளே விட்டு, மற்றப் பிள்ளைகள் தெரியும் படத்தை இணையத்தில் போடாதீர்கள் என்று அச்சடித்தே கொடுக்கிறார்கள். உங்களுக்குப் பிள்ளை இருந்தால் முதல் வருஷமே இதைப் பார்ப்பீர்கள்.

அப்படியானால் மனிதர் படமே வேண்டாமா? வேண்டும், மெதுவாக எடுங்கள். என் வீட்டுக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவில் ஒரு பழைய கடைத்தெரு இருக்கிறது: தோஃபுக் கடை, மீன்கடை, குடை பழுதுபார்ப்பவர், நாற்காலி இரண்டே இருக்கும் முடிதிருத்தகம். முதலில் அங்கே சாமான் வாங்கத் தொடங்குங்கள். வணக்கம் சொல்லுங்கள், காலையில் ஒன்று மாலையில் ஒன்று. கொஞ்ச நாள் கழித்துக் கடையை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள், "ஷஷின் தொத்தெமோ ஈ தெஸ்கா" என்ற ஒரு வரி போதும். ஐஸ் படுக்கையில் அடுக்கிய கானாங்கெளுத்தியை எடுங்கள், கையை எடுங்கள். அடுத்த வாரம் அதை 'எல்' அளவில், அதாவது 89-க்கு 127 மில்லிமீட்டரில், பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். இதுதான் கதவைத் திறக்கும். கொடுத்த பிரிண்ட் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருக்கும், அப்புறம் அவரே மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைப்பார். பதிலுக்கு ஏதாவது கொடுக்காமல் விடமாட்டார்கள், எனக்கு மீன்கடையில் கணவாய் கூடுதலாக விழும். இணையத்தில் போடுவதானால் அதைத் தனியாகக் கேளுங்கள், எடுக்கச் சம்மதித்தவர் எல்லாம் போடச் சம்மதித்தவர் ஆகமாட்டார். பின்னணியில் வருபவர்களின் முகத்தையும் வண்டி எண்ணையும் மங்கலாக்கிப் போடுவது இங்கே பரவலான வழக்கம், அதைப் பின்பற்றினால் நல்லது.

திருவிழாவில் மட்டும் இந்தத் தயக்கம் தளர்ந்துவிடும். மே மாதம் மூன்றாவது வார இறுதியில் அசாகுசாவில் சான்ஜா விழா, தோளில் சப்பரம் தூக்கி ஆடிவருபவர்கள் தங்களை எடுப்பதையே விரும்புவார்கள். ஆகஸ்ட் கடைசியில் கோயென்ஜியில் தெருவில் குழுகுழுவாக ஆடிவரும் ஆவா நடனம். ஆனால் நான் உங்கள் சொந்தப் பேட்டையின் சின்ன ஆலய விழாவைத்தான் சிபாரிசு செய்வேன், அங்கே ஆள் குறைவு என்பதால் பார்த்துக்கொண்டு நிற்கும் உங்களையும் சப்பரம் தூக்கக் கூப்பிட்டுவிடுவார்கள்.

பேர்போன இடங்களைப் பற்றி ஒரு கவலையைச் சொல்லியாக வேண்டும். படம் எடுப்பவர்கள் மேல் இந்த ஊர்களுக்கு இருந்த பொறுமை பல இடங்களில் தீர்ந்துபோயிருக்கிறது. ஹொக்கைடோவின் பியேய் ஊரில் வயலுக்கு நடுவே சாய்ந்து நின்ற ஒரு பாப்லர் மரம், 'தத்துவ மரம்' என்று பேர், எத்தனையோ நாட்காட்டிகளில் வந்தது. படத்துக்காக வயலுக்குள் மிதித்து நுழைந்துகொண்டே இருந்தார்கள், எவ்வளவு சொல்லியும் நிற்கவில்லை, 2016 பிப்ரவரியில் நிலத்துக்காரர் அதை வெட்டிவிட்டார். ஃபூஜிகவாகுச்சிகோவில் ஒரு கடையின் தலைக்கு மேல் மலை தெரியும் காட்சிக்காகக் கூட்டம் சாலையை மறித்து, பக்கத்துப் பல் மருத்துவமனையின் இடத்துக்குள்ளும் புகுந்ததால், 2024 மே மாதத்தில் ஊராட்சி இரண்டரை மீட்டர் உயரத்துக்குக் கறுப்பு வலை கட்டியது. ஆகஸ்டில் புயலுக்காக இறக்கினார்கள். கியோத்தோவின் கியோன் பகுதியில் தனியார் சந்துகளில் 2019-லிருந்து படம் எடுக்கத் தடை, மீறினால் 10,000 யென் என்று பலகை வைத்தார்கள். 2024-ல் சில சந்துகளில் சுற்றுலாப் பயணிகள் நுழையவே தடை வந்தது. நாம் வெளிநாட்டு முகம். அங்கே ஒருவர் செய்வதை நம் எல்லோர் கணக்கிலும்தான் எழுதுவார்கள். கயிறு கட்டியிருந்தால் நில்லுங்கள், வயல் வரப்பில் கால் வைக்காதீர்கள், ஊரில் நம் வயலில் ஒருவர் செருப்போடு இறங்கினால் நாம் என்ன சொல்வோம். கோயில்களிலும் தோட்டங்களிலும் ட்ரைபாடுக்குப் பெரும்பாலும் அனுமதி இல்லை, எனவே பெரியதாக ஒன்று வாங்கிச் சுமக்காதீர்கள். கேமராவிலேயே அதிர்வுத் தடுப்பு இருந்தால் அது அதைவிடப் பயன்படும்.

ரயில் பிடிக்குமா? பிடிக்காவிட்டாலும் பிடித்துவிடும். நடைமேடையில் ஃப்ளாஷ் கூடாது, ட்ரைபாடும் ஏணியும் கூடாது, மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது, இந்த நாலும் தெரிந்தால் போதும். உங்கள் வீடு எங்கே அமைந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை த்சுருமி பாதையில் போய்வாருங்கள், யோகோஹாமாவிலிருந்து பக்கம். தொழிற்சாலைகளுக்கு நடுவே ஓடும் குட்டிப் பாதை, ஆளில்லா நிலையங்கள். கோக்குதோ நிலையம் 1930-ல் திறந்தது, பாலத்துக்கு அடியில் வளைவு வளைவாக இருண்ட பாதை, அந்தக் காலத்துக் கடைப்பலகைகளின் மிச்சம், வெளிச்சுவரில் போர்க்காலத்து விமானங்கள் சுட்ட குண்டுத் தழும்புகள் இன்னும் இருக்கின்றன. கறுப்பு வெள்ளையில் எடுக்க அதைவிட நல்ல நிலையம் காந்தோவில் எனக்குத் தெரிந்து இல்லை. உமி-ஷிபாவுரா நிலையத்தில் நடைமேடைக்கு நேர் கீழே கடல்நீர். வெளிவாசல் ஒரு தொழிற்சாலைக்குள் போவதால் ஊழியர் தவிர யாரும் வெளியேற முடியாது, நம்மைப் போன்றவர்களுக்காகச் சின்னப் பூங்கா ஒன்று விட்டிருக்கிறார்கள், அங்கிருந்து த்சுருமித் த்சுபாசா பாலம் தெரியும். பகலில் வண்டிகள் மிகக் குறைவு, திரும்பும் நேரத்தைப் பார்த்துவிட்டே போங்கள்.

எதைக் கொண்டுவருவது என்று கேட்டீர்கள். கேமரா உடலைக் கொண்டுவாருங்கள், லென்ஸை இங்கே பழையது வாங்குங்கள். சில நிறுவனங்கள் உள்நாட்டு விற்பனைக்கு வரும் கேமராவில் ஜப்பானிய மெனு மட்டுமே வைக்கின்றன, ஆகவே உடலை ஊரில் வாங்கியது உங்களுக்கு நல்லதே. மின்சாரம் 100 வோல்ட், தட்டையான இரட்டைக் கால் பிளக். சார்ஜர் வேலை செய்யும், மாற்றி மட்டும் வேண்டும். சுற்றுலாப் பயணிகளுக்கான வரிவிலக்கு வேலைக்கு வந்தவருக்குக் கிடையாது, 10 சதவீத நுகர்வு வரி கட்டித்தான் ஆக வேண்டும்.

பழைய கேமராச் சந்தை இந்த நாட்டின் பெரிய சுகம். ஷின்ஜுகு மேற்கில் மேப் கேமரா, நாகானோவில் ஃபூஜியா கேமரா, கின்ஸாவில் பழைய லைக்காக்கள் அடுக்கிய கடைகள். ஒவ்வொரு லென்ஸுக்கும் தரம் எழுதியிருப்பார்கள், 'பிஹின்' என்றால் அழகான நிலை, 'ரியோஹின்' என்றால் நல்ல நிலை. தரத்தைவிடக் குறிப்பைப் படியுங்கள்: 'கபி' என்றால் பூஞ்சை, 'குமோரி' என்றால் உள்ளே மங்கல். கடைக்காரர்கள் குறையை மறைப்பதில்லை, ஒரு தூசி இருந்தாலும் எழுதிவிடுவார்கள், அந்த நேர்மை எனக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது. கேட்டால் மேசையில் பட்டுத்துணி விரித்து, சின்ன விளக்கும் கொடுத்து, நிதானமாகப் பார்க்கவிடுவார்கள். ஹார்ட் ஆஃப் மாதிரிப் பழைய பொருள் கடைகளில் 'ஜங்க்' கூடை இருக்கும்; திருப்பித் தர முடியாது, உத்தரவாதம் இல்லை, ஆனால் பழைய டகுமார், நிக்கோர் லென்ஸ்கள் ஒரு சாப்பாட்டு விலைக்குக் கிடைப்பதுண்டு, அடாப்டர் போட்டு மாட்டிக்கொள்ளலாம். ஃபிலிமை மறுபடி இளைஞர்கள் எடுத்திருக்கிறார்கள், 1986-ல் வந்த 'உத்சுருன்தெஸ்' ஒருமுறைக் கேமரா இன்றும் விற்கிறது, ஆனால் ஃபிலிம் விலை ஏறிக்கொண்டே போகிறது.

கடைசியாக, ஆட்களோடு சேருங்கள். இங்கே அமெச்சூர் புகைப்படத்துக்கு முதுகெலும்பாக இருந்த இரண்டு மாதப் பத்திரிகைகள், அசாஹி கேமரா 2020-லும் நிப்பான் கேமரா 2021-லும் நின்றுபோயின. வாசகர் போட்டிகளும் அவற்றோடு போய்விட்டன. ஆனால் கண்காட்சிக் கூடங்கள் இருக்கின்றன, தயாரிப்பாளர்கள் நடத்துபவை பெரும்பாலும் இலவசம், எடுத்தவரே பல நாட்கள் அங்கே நின்றுகொண்டிருப்பார், போய்ப் பேசலாம். எபிசுவில் இருக்கும் தோக்கியோ புகைப்படக் கலை அருங்காட்சியகத்தின் நூலகம் இலவசம், மழை நாளுக்கு ஏற்ற இடம்.

பூங்காக் குளக்கரைகளில் அதிகாலையில் ஓய்வுபெற்றவர்கள் பீரங்கி போன்ற லென்ஸ்களை வரிசையாக நிறுத்தி உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரும் காத்திருப்பது ஒரு மீன்கொத்திக்கு, நம் ஊர்க் குளங்களில் பார்க்கும் அதே சிறுநீல மீன்கொத்தி இனம்தான். அவர்களுக்கு முன்னால் குறுக்கே போகாமல், காலை வணக்கம் சொல்லி, இங்கே நிற்கலாமா என்று கேட்டு ஓரமாக நின்றால், பறவை எந்தக் கிளைக்கு எத்தனை மணிக்கு வரும் என்று அவர்களே சொல்லித்தருவார்கள்.

நகராட்சி இதழில் உள்ளூர்ப் புகைப்படக் குழுக்களின் அறிவிப்பு வரும், கவாசாகியில் ஒவ்வொரு வார்டிலும் இருக்கும் மக்கள் மன்றத்தில் கேட்டாலும் சொல்வார்கள். எங்கள் குழு மாதம் ஒருமுறை கூடும், பெரும்பாலோர் எழுபதைத் தாண்டியவர்கள். சுவரில் பிரிண்டை மாட்டிவிட்டு வெகுநேரம் பார்ப்பார்கள், அப்புறம்தான் பேச்சு வரும், வந்தால் ஓரம் இரண்டு மில்லிமீட்டர் வெட்ட வேண்டும் என்கிற அளவுக்கு நுணுக்கமாக வரும். ஒரே ஆற்றங்கரையை இருபது வருஷமாக எடுக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், இந்தப் பதிலின் தொடக்கத்தில் காலம் என்று நான் சொன்னதை அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். மொழி தடையாக இருக்கும் என்று தயங்காதீர்கள், படம் சுவரில் இருக்கும்போது விரலைக் காட்டியே பாதி பேசிவிடலாம். முதல் தடவை போகும்போது போனில் காட்டாமல் நாலைந்து ஏ4 பிரிண்ட் எடுத்துப்போங்கள். எந்த ரயில் பாதையில் வீடு பார்க்கிறீர்கள் என்று சொன்னால், பக்கத்தில் எந்தக் குழு இருக்கிறது என்று விசாரித்துச் சொல்கிறேன்.